மாங்கனீசு புருசன்

அக்கா, இங்க ஆள் இருக்கா? இல்லைல்ல? நீங்க ஜன்னல்கிட்டயே இருங்க, எனக்கு ஓரம் போதும். இந்த பஸ்ஸு வத்தலக்குண்டு ஊருக்குள்ள போகும்தானே? பைபாஸ்ல எறக்கி விட்டாய்ங்கன்னா அங்கிட்டிருந்து எங்கம்மா வீட்டுக்கு இந்தப் பையத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாது.

கண்ணு செவந்திருக்கா? தூசிக்கா.

சரி, தூசி இல்ல. கம்பத்துல ஏறுனதுல இருந்து சின்னமனூர் வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டு ஆளு திரும்பித் திரும்பிப் பாத்தாரு, அதேன் எந்திரிச்சு இங்கிட்டு வந்துட்டேன். இப்ப அழுகை நின்னுருச்சு. இப்ப கோவம் மட்டுந்தேன்.

எங்க வீட்டுக்காரரு என்னைய ஏமாத்திட்டாருக்கா.

சேச்சே, அதெல்லாம் இல்ல! பொம்பள விசயமெல்லாம் இல்ல. அப்படின்னாக்கூட நாலு பேரக் கூட்டி நியாயம் கேக்கலாம். இது மாங்கனீசு விசயம். பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. இதச் சொன்னா எல்லாரும் சிரிக்கத்தான்க்கா செய்றாக.

மாங்கனீசுன்னா மெக்னீசியம் இல்ல. அது வேற, இது வேற. எங்க மாமனாரு மூணு மாசமா ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, திருத்தித் திருத்தி எனக்கு வாயே வலிச்சுப் போச்சு. இருங்க, ஒரே நிமிசத்துல சொல்றேன். இப்ப ஒரு புளியமரம் போச்சுல்ல? அது சும்மா நிக்கிதுன்னுதான நெனைக்கிறீங்க? இல்ல! அது தண்ணிய ஒடச்சுக்கிட்டு இருக்கு. நெசமாக்கா. வேர்ல இருந்து ஏறி வர்ற தண்ணிய இலைக்குள்ள வச்சு, வெயிலோட பலத்துல ஒடைக்குது. அது ஒடைக்கிறதுலதான் நாம மூச்சு விடுற ஆக்சிசனே வருது. அந்த ஒடைக்கிற எடத்துல யாரு இருக்காகன்னு நெனைக்கிறீங்க? நாலு மாங்கனீசு அணு, ஒரு கால்சியம். நாலே நாலு! கோணலாப் போன நாற்காலி மாதிரி உக்காந்திருக்குமாம். மூணாம் வருசம் பாட்டனி வகுப்புல மேடம் போர்டுல அதப் படமாப் போட்டாங்க. எனக்குப் புல்லரிச்சுருச்சு. பக்கத்துல இருந்தவ தூங்கிக்கிட்டிருந்தா, தட்டி எழுப்பிக் காட்டுனேன். "லூசாடி நீ"ன்னா.

மாங்கனீசு இல்லேன்னா தண்ணி ஒடையாது. தண்ணி ஒடையலேன்னா இலை சும்மா பச்சைச் சட்டை மாட்டுன வெத்து ஆளு. தண்டு கெட்டிப்படுறதுக்கும் அது வேணும், வெயில்ல இலைக்குள்ள வர்ற விசத்த முறிக்கிறதுக்கும் அது வேணும். ஆனா வேணுங்கிறது துளியூண்டு. கூடிருச்சுன்னா அதுவே விசம்.

என்னக்கா? ஆமா, கூடுனா விசந்தேன். அத அப்பறம் சொல்றேன்.

கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது. சுருளிப்பட்டில குடுத்திருக்கு. அவரு பேரு காசிமாயன். ரெண்டு ஏக்கர்ல பன்னீர் திராட்சை, பந்தல் போட்டது. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்ன படிச்சிருக்கன்னு கேட்டாரு, பாட்டனின்னேன். "அப்ப எங்க கொடிக்கு டாக்டரம்மா கெடைச்சாச்சு"ன்னாரு. அந்த ஒத்தச் சொல்லுக்குத்தான்க்கா சரின்னேன். எங்கம்மா இன்னொரு எடம் வச்சிருந்துச்சு, கோயம்புத்தூர்ல பேங்கு மாப்பிள்ளை. அந்தாளுகிட்டப் போய் நான் என்னத்தப் பேச?

இவரு கேப்பாருக்கா. அதேன் வயித்தெரிச்சல். சாப்புடுறப்ப நான் மாங்கனீசு, லிக்னின்னு பேசிக்கிட்டே இருப்பேன், அவரு சோத்த உருட்டிக்கிட்டே "அப்பறம் டீச்சரம்மா?"ம்பாரு. மாமனாரு தட்டத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருவாரு. இவரு உக்காந்து கேப்பாரு. அப்படி ஒரு ஆளு.

இந்தத் தடவ கவாத்து பண்ணி ஒரு மாசம் இருக்கும். கொடிய வெட்டி விட்டா புதுசாத் துளிர்த்து வரும்ல, அதுதான் கவாத்து. எல்லாம் நல்லாத்தான் வந்துச்சு. வாய்க்கா ஓரம் ஆறு வரிசை மட்டும் மஞ்சளாப் போச்சு. நான் ஓடிப்போய்ப் பாக்குறேன், அடி இலையெல்லாம் நரம்பு பச்சையா இருக்கு, நரம்புக்கு ஊடால மஞ்ச. மீன்முள்ளு மாதிரி! எனக்கு ஒரே சந்தோசம்.

சந்தோசம்னா... கொடிக்கு நோவு வந்ததுக்கு இல்லக்கா. கண்டுபிடிச்சிட்டேன்ல! நுனிக் கொழுந்து வெளுத்தா இரும்பு பத்தல. அடி இலையில ஓரத்துல இருந்து ஆப்பு அடிச்ச மாதிரி மஞ்ச எறங்குனா மெக்னீசியம். இது அச்சு அசல் மாங்கனீசு. அங்க சுண்ணாம்புத் தரை. மண்ணுக்குள்ள மாங்கனீசு கெடக்கும், வேருக்குக் கெடைக்காது, பூட்டி வச்ச மாதிரி. இலையில அடிச்சாத்தான் உண்டு.

மாமனாரு, "அயர்ன அடிச்சு விடுறா, ஆகிப்போகும்"னாரு. நான் விடல. வீட்டுல அவரு தங்கச்சி குடும்பமெல்லாம் வந்திருந்தாக, அத்தனை பேரு முன்னாடியும் இலையக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசுனேன். "இது மாங்கனீசு இல்லேன்னா நான் படிச்ச சர்ட்டிபிகேட்ட அடுப்புல போடுறேன்"னேன். மாமனாரு இவரப் பாத்தாரு. இவரு சொன்னாரு, "அவ சொல்றதையே அடிப்போம்ப்பா." அப்பதான்க்கா அந்த வீட்டுல எனக்குன்னு ஒரு எடம் வந்த மாதிரி இருந்துச்சு.

காலண்டர் தாளக் கிழிச்சு எழுதிக் குடுத்தேன். மாங்கனீசு சல்பேட்டு, லிட்டருக்கு அம்பது கிராம். எரநூறு லிட்டர் டிரம்முக்குப் பத்து கிலோ. கம்பம் போய் மருந்துக் கடையில வாங்கிட்டு வந்தாரு. பத்து கிலோ மூடைய வண்டியில இருந்து எறக்குனத நான் கண்ணால பாத்தேன்.

மறுநா காலைல தோட்டத்துக்குப் போனோம். "பொடி பறக்கும், ஒனக்குத் தும்மல் வரும், நீ வரப்புல நில்லு, நான் கலந்துட்டுக் கூப்புடுறேன்"னாரு. என்மேல எம்புட்டு அக்கறைன்னு நின்னேன். கலந்து முடிச்சுக் கூப்புட்டாரு. டிரம்முல ரோஸ் கலரு. மாங்கனீசு கரைசல் லேசா ரோஸ் கலர்ல இருக்கும்னு நாந்தேன் சொல்லிக் குடுத்திருந்தேன். சரியா இருந்துச்சு. வாசங்கூட வந்துச்சுக்கா. "என்னங்க வாசமா இருக்கு?"ன்னேன். "கொடி பூத்திருக்குல்ல, அதேன்"னாரு. திராட்சை பூத்தா வாசம் வரத்தான் செய்யும். நம்பிட்டேன். அவரு அடிக்க அடிக்க நான் செல்லுல வீடியோ எடுத்தேன். "இப்போது மாங்கனீசு இலைத்துளை வழியாக உள்ளே செல்கிறது"ன்னு பேசி வேற எடுத்திருக்கேன். அதுல அவரு ஓஸப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிச் சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்ப இப்பப் பாக்கணுமே நீங்க! வேணாம், நான் அழிச்சிட்டேன். அழிக்கல. அழிப்பேன்.

பதினஞ்சு நாள். ஆறு வரிசையும் பச்சைன்னா பச்சை. மாமனாரே வந்து பாத்துட்டு, "ம்"னு ஒரு சத்தம் விட்டாரு. அவரு வாயில இருந்து அது வர்றதே பெருசு.

அதுக்கப்பறம் நான் சும்மா இருப்பேனா? பால் ஊத்துற எடத்துல, ரேசன் கடை வரிசையில, கோயில்ல, யாரப் பாத்தாலும் மாங்கனீசுதான். "ஏ, மாங்கனீசு வருதுடி, ஓடு"ன்னு சிரிப்பாளுக. அவரப் பாத்தா டீக்கடையில, "என்னப்பா மாங்கனீசு புருசா, டீக்கு மாங்கனீசு போடவா?"ம்பாய்ங்க. இவரும் அதே சிரிப்பு. வாயத் தொறக்கல. ஒன்றரை மாசம்க்கா! ஊரே என்னைய வச்சு மாங்கனீசுங்குது, நானும் மெதப்புல திரியுறேன், இந்த மனுசன் எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு டீ குடிக்கிறாரு.

எங்க தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் தவமணி அக்காவோடது. முப்பது சென்ட்டு. புருசன் இல்ல, ரெண்டு பொம்பளப் பிள்ளைக. அந்தப் பந்தல் ஒண்ணுதான் அதுக்கு எல்லாமே. களையெடுக்குறதுல இருந்து மருந்தடிக்கிற வரைக்கும் தனியாளாச் செய்யும். அதுக்கும் ரெண்டு வரிசை மஞ்ச தட்டியிருந்துச்சு. ஒரு நா எங்க வாசல்ல வந்து நின்னு, "ஏத்தா, அந்த மருந்து எம்புட்டுப் போடணும்?"னு கேட்டுச்சு. நான், "லிட்டருக்கு அம்பது கிராம்க்கா. ரெண்டு வரிசைக்கு மட்டும் வேணாம், பூராத்துக்கும் அடிச்சிருங்க, நல்லா தெளியும்"னேன்.

அவரு அங்கதான் இருந்தாரு. வண்டியத் தொடைச்சுக்கிட்டு. இருமுனாரு. "மதினி, இப்ப அவசரப்பட வேணாமே, மழை வர்ற மாதிரி இருக்கு"ன்னாரு. நான்தான், "நீங்க சும்மா இருங்க, ஒங்களுக்கு என்ன தெரியும்?"னேன். அவரு சும்மா இருந்துட்டாரு. சும்மா இருன்னா சும்மா இருந்துர்றதா? நியாயமாக்கா இது? நீங்களே சொல்லுங்க.

தவமணி அக்கா அடிச்சு நாலு நாள் ஆகல. நேத்து காலைல ஆளாளுக்கு அந்தப் பக்கம் ஓடுறாக. நானும் போனேன். ஐயோ, அந்த இலைகளப் பாக்க முடியலக்கா. வடகத்த எண்ணெயில போட்ட மாதிரி ஓரமெல்லாம் கருகிச் சுருண்டு, தொட்டா நொறுங்குது. காயி பட்டாணி அளவு வந்திருந்துச்சு. மேல இலை இல்லேன்னா அம்புட்டும் வெயில்ல வெந்துரும். அந்தக்கா ஒரு திராட்சைக் குலையக் கையில ஏந்திக்கிட்டு நிக்குது. நான் நேரா வீட்டுக்கு ஓடியாந்துட்டேன்.

மூடையில என்ன எழுதியிருக்குன்னு பாப்போம், மருந்துதான் கலப்படமோன்னு எங்க மோட்டார் ரூமுக்குப் போனேன். சொட்டுநீர்க் குழாய்க்குப் பின்னாடி கெடக்கு மூடை. தையல் பிரிக்கல. பத்து கிலோவும் அப்படியே இருக்கு. பக்கத்துல ஒரு காலி பாட்டில். என்ன பாட்டில்னு சொல்லுங்க பாப்போம்? ரோஸ்மில்க் எசன்சு!

ஆமாக்கா! வெறுந்தண்ணியில ரோஸ்மில்க் எசன்ச ஊத்தி எங்கொடிக்கு அடிச்சிருக்காரு. அதத்தான் நான் வீடியோ எடுத்தேன்.

கேட்டேன். பாட்டில நடு வீட்டுல வச்சுக் கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றாரு, "கடைக்காரரு ஒஞ்சீட்டப் பாத்துட்டு, இது மருந்தாப்பா, இல்ல கொடியக் கொளுத்தப் போறியாப்பான்னு கேட்டாரு. லிட்டருக்கு அஞ்சு கிராம்தேனாம். நீ ஒரு சைபர் கூடப் போட்டிருந்த."

ஒரே ஒரு சைபர்க்கா! கை தவறி எழுதுறதுதான். நான் நோட்டப் பாக்காம மனசுல இருந்து எழுதுனேன். எல்லாருக்கும் வர்றதுதானே? அந்த ஒரு சைபருக்காக இப்படி ஒரு பொய்யா?

"அப்ப அஞ்சு கிராம் போட்டு அடிச்சிருக்க வேண்டியதுதான? ஏன் தண்ணி?"ன்னேன். "பூத்திருக்கு, இப்ப எதையும் அடிக்காதன்னாரு கடைக்காரரு. காய் பிடிக்கட்டும், ஒனக்குத் தெரியாம சரியான அளவுல அடிச்சுக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அதுவாப் பச்சையாயிருச்சு." "எங்கிட்டச் சொன்னா என்ன?" "சர்ட்டிபிகேட்ட அடுப்புல போடுவேன்னுட்டியே, அம்புட்டுப் பேரு முன்னாடி. அப்பா ஒன்னைய அப்பறம் மதிக்க மாட்டாருன்னு..." இழுக்குறாரு. "பச்சையானதும் நீ குதிச்ச. அதக் கெடுக்க மனசு வரல புள்ள."

சொல்லிட்டு ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க. "ஆமா, தண்ணிக்கு எப்படிப் பச்சையாச்சு?"

அக்கா, அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு! அடிச்சாம்பல் நோவுக்கு ஒரு மஞ்சப் பொடி அடிப்பாகல்ல, மேன்கோசெப்பு. எங்கூர்ல அது இல்லாம திராட்சையே இல்ல. பூ முடிஞ்சு பிஞ்சு வந்ததும் அவரு அத அடிச்சாரு. அதுக்குள்ள என்ன இருக்கு? மாங்கனீசு இருக்கு! மருந்துலயே இருக்குக்கா! இலை அத எடுத்துக்கிச்சு! அப்ப நான் சொன்னது சரிதான? அது மாங்கனீசுக் குறைதான்! நான் எந்திரிச்சே நின்னுட்டேன். அவருகிட்டச் சொல்லணும்னு வாயத் தொறந்துட்டேன். அப்பறந்தேன் நான் சண்டையில இருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு. சொல்லல. இப்ப ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.

ஆக நோவும் சரி, மருந்தும் சரி. அந்த ஒரு சைபர் மட்டுந்தேன்.

அப்பப் பாத்து வாசல்ல தவமணி அக்கா. சாயந்தரம் அஞ்சு மணி இருக்கும். கையில கருகுன இலை. சத்தம் போடல. "ஏப்பா காசி, ஒம் பொண்டாட்டி சொன்னபடிதானப்பா அடிச்சேன். என் தோட்டத்தப் பாத்தியா?"ன்னுச்சு.

இவரு என்னைய ஒரு தடவ பாத்தாரு. பாத்துட்டு வெளிய போயி, "மதினி, அவ மேல தப்பில்ல. அளவு நாஞ்சொன்னது. நாந்தேன் அம்பதுன்னு அவகிட்டச் சொன்னேன்"னாரு.

பாருங்கக்கா! எப்படி வருது பாருங்க பொய்யி! தண்ணியா வருது. இப்பத்தான் ஒரு பொய்யில மாட்டிக்கிட்டு நிக்கிறாரு, வெக்கமே இல்லாம அடுத்தது. என் கண்ணு முன்னாடியே! இந்த ஆளு இன்னும் எங்கிட்ட என்னென்ன பொய் சொல்லியிருக்காரோன்னுதான் எனக்கு ஓடுச்சு.

அந்தக்கா சும்மா விடுமா? "அப்ப ஒங்கொடி மட்டும் எப்படிப்பா பச்சையா நிக்கிது?"ன்னுச்சு. என்ன சொல்லுவாரு, ரோஸ்மில்க்குன்னா? நிக்கிறாரு. அந்தக்கா மெதுவாச் சொல்லுது, "போன வருசம் எந்தோட்டத்தக் குத்தகைக்குக் கேட்ட. தர மாட்டேன்னேன். அதுக்கா காசி?"

அவரு இல்லேன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. அந்தக்கா இலைய அவரு காலடியில போட்டுட்டு, "ஒங்கையால என் பிள்ளைகளுக்கு எத்தன நாளு திராட்சைக் குலை பறிச்சுக் குடுத்திருப்ப"ன்னு சொல்லி அழுதுச்சு. தெருவே வந்து நிக்கிது. ஒருத்தன், "த்தூ, இதுக்குத்தான் அந்தப் பொண்ண ஊரெல்லாம் பேச விட்டியாடா?"ன்னான். மாமனாரு துண்டத் தலையில போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாரு.

நானா? நான் என்னத்தக்கா செய்ய? அடுப்புல பால் வச்சிருந்தேன். பொங்குற சத்தம் கேட்டுச்சு, உள்ள போயிட்டேன்.

இல்ல, நான் எதுக்குச் சொல்லணும்? என்னையச் சொல்ல விட்டாரா அவரு? அவரா முந்திக்கிட்டுப் பொய் சொன்னா நான் என்ன பண்றது? நடுவுல போயி, இல்ல இல்ல, அளவு நான் சொன்னதுன்னா, அவரு பொய்யின்னு ஆயிராது? புருசன ஊரு முன்னாடி பொய்யின்னு ஆக்குறதா? அதெல்லாம் எங்கம்மா எனக்குச் சொல்லிக் குடுக்கல. தப்பு ஆரு மேலன்னு நான் பேசவே இல்ல. பொய் ஆரு சொன்னா? அவருதான? அதுமட்டுந்தான் எனக்குக் கணக்கு.

இன்னைக்குக் காலைல அவரு எந்திரிக்கும் முன்னாடி கெளம்பிட்டேன். எந்திரிச்சுத்தான் இருந்தாரு, ஆனா ஒண்ணும் கேக்கல. "சாப்பிட்டுப் போ"ன்னாரு. நான் பையத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

எங்கூர்ல கம்பம் பஸ்ஸு நிக்கிற எடத்துல தவமணி அக்கா நின்னுச்சு. நான் தள்ளியே நின்னேன். அதுவே கிட்ட வந்து என் பைய வாங்கிக்கிச்சு. என் மொகத்தப் பாத்துட்டு, "ஏத்தா, ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்த்தா. படிச்ச பிள்ளை, இப்படி ஒருத்தன்கிட்ட வந்து மாட்டிக்கிட்டியே"ன்னு தலையத் தடவிக் குடுத்துச்சு. கையெல்லாம் மருந்து பட்டு வெடிச்சுக் கெடக்கு அதுக்கு. பஸ்ஸு வர்ற வரைக்கும் தடவிக்கிட்டே இருந்துச்சு.

நானும், "ஆமாக்கா"ன்னேன்.